மேயர் ஆம்ஷெல் ராத்சைல்ட் சரிதம்

பொருளீட்டுவோர் உலகில் பலர். ஈட்டியதைக் கெடாமற் காப்போர் அவருட் சிலர். பிறர் நம்பி ஒப்புவித்த முதலைத் தம் முதலினும் மேலாகப் பேணி, அவர் மக்களுக்கும் பேரர்களுக்கும் கணக்கோடு திருப்பித் தருவோர் மிகச் சிலர். இம்மூன்றாம் வகையினரின் தொழிலையே நம் நகரத்தார் மரபினர் நெடுங்காலம் தம் குலத்தொழிலாகக் கொண்டிருந்தனர். ஆதலின், கடல் கடந்த தேசமொன்றில், வேறு மதமும் வேறு மொழியும் உடையவராய்ப் பிறந்து, இதே தொழிலில் நிகரற்று விளங்கிய ஒருவரின் வரலாற்றை இவ்விதழின் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் தம் மக்களுக்கு வைத்துச் சென்ற ஏற்பாடுகளுள் ஒன்று அவர் குடியை உலகறிய உயர்த்தியது. மற்றொன்று அவர் பிறந்த ஊரிலேயே அவர் கடையை மூடுவதற்கு வழிகோலியது. இரண்டும் நாம் சிந்திக்கற்பாலன.

ஜெர்மனி தேசத்தில் மெயின் என்னும் நதியின் கரையில் அமைந்தது பிராங்க்பர்ட் நகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனி ஒருகுடைக்கீழ் ஆளப்பட்ட நாடன்று. சிற்றரசர்களும் கோமான்களும் சமயத் தலைவர்களும் தன்னாட்சி நகரங்களும் அதனை நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பங்கிட்டு ஆண்டனர். ஊருக்கு ஊர் நாணயம் வேறுபட்டது. பிராங்க்பர்ட்டிலோ ஆண்டுக்கு இருமுறை பெருஞ்சந்தை கூடும். பல தேசத்து வணிகர்களும் பல நாணயங்களோடு வந்து நிறைவர். இதனால் நாணயமாற்றுத் தொழில் அந்நகரில் இன்றியமையாததாயிற்று.

அந்நகரத்து யூதர்கள் யாவரும் 1462 ஆம் ஆண்டு முதல் ஒரே தெருவில் அடைக்கப்பட்டு வாழ்ந்தனர். இரவிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், கிறிஸ்தவப் பண்டிகை நாட்களிலும் அத்தெருவின் வாயிற்கதவுகள் பூட்டப்படும். குறுகி வளைந்த அவ்வொரு தெருவில் ஏறத்தாழ 3,000 பேர் நெருங்கி வாழ்ந்தனர். அவர்களுள் ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு திருமணங்களுக்கு மேல் நடத்தலாகாது என்ற விதியும் இருந்தது. நிலம் வாங்கவும், கைத்தொழிற் சங்கங்களிற் சேரவும் அவர்களுக்கு உரிமை இல்லை. பழம்பொருள் விற்றலும், நாணயமாற்றும், கொடுக்கல் வாங்கலுமே எஞ்சிய பிழைப்பாயின. யூதர் வட்டித்தொழிலை விரும்பி மேற்கொண்டனர் என்பதினும், பிற வாயில்கள் அடைபட்டமையால் அதன்கண் தள்ளப்பட்டனர் என்பதே பொருந்தும்.

இத்தெருவில் 1744 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மேயர் ஆம்ஷெல் பிறந்தார். அவர் முன்னோர் வாழ்ந்த வீட்டிற்குச் செங்கேடயம் என்னும் அடையாளம் உண்டு. வீட்டிற்கு எண் இடாத அக்காலத்தில் அவ்வடையாளமே குடும்பத்தின் பெயராயிற்று. ராத்சைல்ட் என்னும் சொல்லின் பொருள் அதுவே. பின்னர் அக்குடும்பத்தார் வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்த போதிலும் பெயர் மட்டும் அவர்களைத் தொடர்ந்தது. நம்முள்ளும் வீட்டின் பெயராலும் விலாசத்தாலும் குடும்பங்கள் அறியப்படுதலை அன்பர்கள் நினைவுகூர்வார்களாக.

தந்தையார் சிறு வணிகமும் நாணயமாற்றும் செய்து வந்தவர். மகனைச் சமயக் கல்வி பயிலுமாறு வேறூருக்கு அனுப்பியிருந்தார். ஆயின் 1755 ஆம் ஆண்டில் தந்தையும், அடுத்த ஆண்டில் தாயும் இறக்கவே, பன்னிரண்டு வயதளவிலேயே சிறுவர் இருவரையும் இழந்தவரானார். உற்றார் அவரை ஹானோவர் நகரில் ஓப்பன்ஹைமர் என்னும் செல்வர் குடும்பத்துக் கடையில் தொழில் பழக விட்டனர். நம் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகிப் பின் மேலாளாகும் முறையை ஒத்ததே அதுவும். ஆங்கு அவர் கற்றவை இரண்டு. ஒன்று, பழைய நாணயங்களின் காலமும் மாற்றும் மதிப்பும் காணும் நுண்ணறிவு. மற்றொன்று, அரசரும் பிரபுக்களும் தம் பணத்தேவைகளுக்கு யூத வணிகர்களை அரண்மனைத் தரகர்களாக அமர்த்திக் கொள்ளும் வழக்கத்தின் உள்நிலை.

தொழில் பழகி ஊர் திரும்பிய இளைஞர் பழநாணய வியாபாரம் தொடங்கினார். அருகிலுள்ள ஹானாவ் நகரில் ஆண்ட இளங்கோமகன் வில்லியம் என்பார் பழநாணயங்களிற் பெருவிருப்பினர். மேயர் ஆம்ஷெல் அவருக்குச் சில நாணயங்கள் விற்று, 1769 ஆம் ஆண்டில் அவர் அரண்மனைத் தரகர் என்னும் பட்டம் பெற்றார். அதனாற் கிடைத்த ஊதியம் ஒன்றுமில்லை. கோமகனின் இலச்சினை பொறித்த பலகையைக் கடைவாயிலில் தொங்கவிடும் உரிமை மட்டும் கிடைத்தது. வணிகனுக்கு அதுவே முதல் என்பதை அவர் அறிந்திருந்தார். தம்மிடமுள்ள நாணயங்களை விவரித்துப் பட்டியல்கள் அச்சிட்டுப் பல அரண்மனைகளுக்கும் அனுப்பினார். இங்ஙனம் ஏட்டின் வாயிலாக அவர் பெயர் தெருவின் பூட்டிய கதவுகளைக் கடந்து சென்றது.

1770 ஆம் ஆண்டில் அதே தெருவைச் சார்ந்த ஷ்னாப்பர் என்பாரின் மகளாகிய குட்லே என்னும் நங்கையை மணந்தார். மணமகளுக்கு வயது பதினேழு. அவர் கொணர்ந்த சீதனம் 2,400 குல்டன் என்னும் வெள்ளி நாணயம். அவ்வம்மையார் பத்தொன்பது மக்களைப் பெற்றார். தப்பிப் பிழைத்தோர் பதின்மர். ஆம்ஷெல், சாலமன், நேதன், கார்ல், ஜேம்ஸ் என ஐந்து புதல்வர்களும், ஐந்து புதல்வியரும் ஆவர். புதல்வர்கள் கணக்கு எழுதும் பருவம் எய்தியதும் ஒருவர்பின் ஒருவராகக் கடையில் அமர்த்தப்பட்டனர். புதல்வியரும் கூடத் தொடக்கத்தில் கடைவேலைகளிற் கைகொடுத்தனர். இதனை அன்பர்கள் மனத்திற் கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

1785 ஆம் ஆண்டில் கோமகன் வில்லியம் தம் தந்தை இறந்தமையால் ஹெஸ்ஸ காஸல் நாட்டின் அரசுரிமையை எய்தினார். ஐரோப்பாவின் மிகப் பெருஞ்செல்வருள் அவரும் ஒருவர். அச்செல்வம் வந்த வழியோ போற்றத்தக்கதன்று. அந்நாட்டரசர் தம் குடிமக்களைப் படைவீரர்களாகப் பயிற்றி அயல்நாட்டார்க்கு வாடகைக்கு விடுவர். அமெரிக்க சுதந்திரப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று பொருத ஹெஸ்ஸ வீரர்கள் அத்தகையோரே. அதற்கு ஆங்கில அரசாங்கம் கொடுத்த பணம் இலண்டன் மீது எழுதிய உண்டியல்களாக வந்து சேரும். அவ்வுண்டியல்களை நல்ல விலைக்கு மாற்றிக் கொடுக்க வணிகர் தேவைப்பட்டனர். மேயர் ஆம்ஷெல் அவ்வேலையில் ஒரு பங்கு கேட்டார். முதலிற் கிடைத்தது சிறிதே. பழைய பெரிய கடைக்காரர்களே பெரும்பங்கை வைத்திருந்தனர். அவர் பொறுத்திருந்தார். அரசரின் பொக்கிஷ அதிகாரியாகிய புடெருஸ் என்பவர் அவருடைய ஒழுங்கையும் காலந்தவறாமையையும் கண்டு நாளடைவில் அவர்பால் நம்பிக்கை கொண்டார்.

ஆக, அரசருடன் முதல் வணிகம் செய்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே பெருவரவு வரத் தொடங்கிற்று. இவ்விருபதாண்டுப் பொறுமையை நம் இளைஞர்கள் கருதிப் பார்த்தல் நலம். குறைந்த லாபத்துக்கு நிறைந்த வேலை செய்து, ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை ஒரு தலைமுறைக் காலம் சேமித்தவர் அவர்.

பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து எழுந்த போர்கள் ஐரோப்பாவைக் கலக்கின. 1796 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை பிராங்க்பர்ட்டின்மீது குண்டு பொழிய, யூதத் தெருவின் ஒரு பகுதி எரிந்து வீழ்ந்தது. அதே ஆண்டில் மேயர் ஆம்ஷெல் மூத்த புதல்வர் இருவரையும் கடையின் பங்காளிகளாக்கினார். 1798 ஆம் ஆண்டளவில் மூன்றாம் புதல்வர் நேதன் இங்கிலாந்து சென்று மான்செஸ்டரில் துணி வணிகம் தொடங்கி, பின்னர் இலண்டனில் கடை வைத்தார். இதனால் அக்கடைக்குக் கடலின் இருபுறத்தும் ஆள் இருந்தது. அதன் பயன் விரைவில் தெரிய வந்தது.

ஹெஸ்ஸ அரசர் தம் பணத்தைப் பிற அரசர்களுக்குக் கடனாகக் கொடுப்பார். ஆயின் தாம் கொடுத்ததை எவரும் அறியலாகாது என்பார். டென்மார்க் அரசுக்குக் கொடுத்த கடன்களில் மேயர் ஆம்ஷெல் தம் பெயரை முன்னிறுத்தி, பணத்துக்கு உரியவரின் பெயரை மறைத்துக் காத்தார். முதலீடு செய்வோரின் இரகசியம் காத்தலும் இத்தொழிலின் ஓர் அங்கம் என்பது இதனால் விளங்கும்.

1806 ஆம் ஆண்டில் நெப்போலியனின் படை ஹெஸ்ஸ காஸல் நாட்டைக் கைப்பற்றியது. அரசர் நாடிழந்து முதலில் டென்மார்க் அரசருக்குரிய பகுதிகளிலும், 1808 முதல் பிராக் நகரிலும் அடைக்கலம் புகுந்தார். அப்போது அவர் தம் செல்வம் முழுவதையும் மேயர் ஆம்ஷெலிடம் ஒப்புவித்ததாகவும், அவர் அதனை வீட்டு நிலவறையிலும் மதுப் பீப்பாய்களிலும் மறைத்து வைத்து, தம் சொந்தப் பொருளைப் பகைவர் கொள்ளையிட விட்டு, அரசர் பொருளைக் காத்ததாகவும் ஒரு கதை உலகில் வழங்குகிறது. அக்குடும்பத்தாரே அக்கதையை ஓவியமாகவும் தீட்டச் செய்து மகிழ்ந்தனர். அழகிய கதையே, ஆயினும் வரலாற்றுக்கு ஒவ்வாதது. அரசரின் செல்வத்திற் பெரும்பகுதி பொற்குவியல் அன்று. பல நாட்டரசர்களும் பிரபுக்களும் எழுதிக் கொடுத்த கடன் பத்திரங்களே. அப்பொக்கிஷத்தைப் பல கைகள் பல இடங்களிற் காத்தன. மேயர் ஆம்ஷெலிடம் இருந்தவை சில பெட்டிகளும் தாள்களுமே.

உண்மையில் அவர் செய்த பணி கதையிலும் அரியது. நெப்போலியன், அரசருக்கு வரவேண்டிய கடன்களையும் வட்டிகளையும் தனக்கே செலுத்துமாறு கடனாளிகளுக்குக் கட்டளையிட்டார். நாடிழந்த ஒருவரின் பேரால் அக்கடன்களை வசூலிப்பதும், வசூலித்ததைப் பகைவர் கண்ணிற் படாமல் வேறு முதலாக்குவதும் உயிரைப் பணயம் வைக்கும் செயல்கள். மேயர் ஆம்ஷெலும் அவர் புதல்வர்களும் ஊர்தோறும் சென்று வட்டி திரட்டினர். திரண்ட பணத்தை 1809 ஆம் ஆண்டு முதல் இலண்டனுக்கு அனுப்பி, நேதன் வாயிலாக நூற்றுக்கு மூன்று வட்டி தரும் ஆங்கில அரசாங்கக் கடன் பத்திரங்களாக மாற்றினர். இங்ஙனம் வாங்கப்பட்டவற்றின் மதிப்பு 5,00,000 பவுனுக்கும் மேற்பட்டது. நெப்போலியனின் கை எட்டாத நாடு இங்கிலாந்து ஒன்றே என்பதை அவர்கள் கணித்திருந்தனர்.

இதில் இரு தரப்புக்கும் நலம் இருந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. அத்துணைப் பெரும்பணம் நேதனின் கைவழிச் சென்றமையால் இலண்டன் சந்தையில் அவர் மதிப்பு உயர்ந்தது. பணம் கைக்கு வருவதற்கும் பத்திரம் வாங்குவதற்கும் இடைப்பட்ட காலத்தில் அது அவர் சொந்த வணிகத்துக்கும் பயன்பட்டது. பத்திரச் சான்றுகள் வந்து சேரக் காலதாமதம் ஆயிற்று. பிராக் நகரில் இருந்த அரசர் ஐயமும் அச்சமும் கொண்டு திரும்பத் திரும்பச் சான்று கேட்டார். கேட்டது முறையே. பிறர் முதலை வைத்திருப்போர் பெறும் இடைக்கால லாபம் எவ்வளவு நியாயமானது என்னும் வினா, நம் கடைகளிலும் மேலாளுக்கும் முதலாளிக்கும் இடையே எத்தனையோ முறை எழுந்ததுதான். முடிவில் சான்றுகள் ஒப்புவிக்கப்பட்டன. 1813 ஆம் ஆண்டில் அரசர் நாடு திரும்பியபோது முதல் கெடாமல் இருந்தது. ஐயத்துக்கு விடை கூறியது பேச்சன்று, ஐந்தொகையே.

1809 ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரெஞ்சு அதிகாரிகளின் ஏவலால் போலீசார் யூதத் தெருவில் அவர் வீட்டைச் சோதனையிட்டனர். முதியவராய் நோயுற்றிருந்த மேயர் ஆம்ஷெலும் குடும்பத்தாரும் தனித்தனியே விசாரிக்கப்பட்டனர். அரசர் பணத்தைப் பற்றிய கணக்கைத் தனி ஏட்டில் எழுதி மறைத்து வைத்திருந்தனர் என்பர். சோதனையிட்டோர் தக்க சான்று ஒன்றும் காணாது சென்றனர். குடும்பத்தார் கூறிய விடைகள் ஒன்றுக்கொன்று முரணாமல் அமைந்தமையே அன்று அவர்களைக் காத்தது.

1810 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கடையின் பங்குப் பத்திரம் புதிதாக எழுதப்பட்டது. மேயர் ஆம்ஷெல் ராத்சைல்டும் புதல்வர்களும் என்பது விலாசம். முதல் 8,00,000 குல்டன். தந்தைக்கு 3,70,000; மூத்த இருவருக்குத் தலைக்கு 1,85,000; இளையோர் இருவருக்குத் தலைக்கு 30,000. நேதனின் பெயர் அப்பத்திரத்தில் இல்லை. அவர் பகைநாடாகிய இங்கிலாந்தில் இருந்தமையால், அவருக்குரிய பங்கைத் தந்தை தம் பெயரிலேயே வைத்துக் காத்தார். கடைசிப் புதல்வர் ஜேம்ஸுக்கு அப்போது வயது பதினெட்டே. எனினும் அவரும் பங்காளி.

தம் குடும்பத்தின் உயர்வோடு தம் தெருவின் உயர்வையும் அவர் மறந்தாரல்லர். அவர் கடையின் தலைமைக் கணக்கராகிய கைசன்ஹைமர் என்பார் யூதப் பிள்ளைகளுக்கென 1804 ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிக்கு அவர் துணை நின்றார். 1811 ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் யூதர்கள் 4,40,000 குல்டன் கொடுத்து நகரத்தாரோடு சமஉரிமை பெற்ற முயற்சியிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. நெப்போலியன் வீழ்ந்தபின் அவ்வுரிமை பறிக்கப்பட்டது. முழுச் சமத்துவம் 1864 ஆம் ஆண்டிலேதான் கிட்டியது. விலை கொடுத்து வாங்கிய உரிமையும் நிலையாது போதலை அச்சமூகம் கண்டது.

1812 ஆம் ஆண்டு செப்டம்பர் 19 ஆம் நாள் மேயர் ஆம்ஷெல் இயற்கை எய்தினார். அதற்கு இரண்டு நாள் முன்னர் அவர் தம் இறுதி ஏற்பாட்டை எழுதுவித்தார். கடையிலுள்ள தம் பங்கு முழுவதையும் புதல்வர் ஐவருக்கும் 1,90,000 குல்டனுக்கு விற்றுவிட்டதாகவும், அத்தொகை மனைவிக்கும் புதல்வியர்க்கும் உரியதென்றும் அதில் கண்டுள்ளது. புதல்வியரும், மாப்பிள்ளைமாரும், அவர் வழிவந்தோரும் கடையில் எவ்விதப் பங்கும் கோரலாகாது. கணக்கேடுகளைப் பார்க்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. இதனை மீறி வழக்காடுவோர்க்குச் சட்டம் வகுத்த மிகச் சிறிய பாகமே உண்டு. புதல்வர்களோ ஒற்றுமையாய், ஒரே கடையாய், தொழில் நடத்த வேண்டும். இதுவே அவர் வைத்துச் சென்ற சாசனத்தின் சாரம்.

புதல்வர்கள் தந்தையின் ஆணையை எழுத்துப் பிசகாமற் காத்தனர். ஆம்ஷெல் பிராங்க்பர்ட்டிலும், சாலமன் வியன்னாவிலும், நேதன் இலண்டனிலும், கார்ல் நேப்பிள்ஸிலும், ஜேம்ஸ் பாரிஸிலும் கடை நடத்தினர். ஐந்து ஊர், ஐந்து கடை, ஒரே கூட்டு. ஓர் ஊரின் லாபம் ஐவருக்கும் லாபம். ஓர் ஊரின் நஷ்டம் ஐவருக்கும் நஷ்டம். ஜெர்மன் மொழியை எபிரேய எழுத்தில் எழுதிய கடிதங்கள் ஓயாது அவர்களிடையே சென்றன. பிறர் கையிற் சிக்கினும் படித்தறிதல் அரிது. அக்கடிதங்களில் சகோதரர்கள் ஒருவரை ஒருவர் கடிந்துகொண்டதும் உண்டு, மனம் நொந்ததும் உண்டு. பங்குப் பத்திரத்தை மட்டும் மீண்டும் மீண்டும் புதுப்பித்துக் கொண்டனர். 1822 ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் பேரரசர் அவர்களைப் பிரபுக்களாக்கியபோது, ஒரு கையில் ஐந்து அம்புகளைக் கட்டாகப் பிடித்த சின்னத்தை மேற்கொண்டனர். தனிக்குச்சி ஒடியும், கட்டு ஒடியாது என்று நம் பாட்டிமார் சொல்லும் கதையின் கருத்தே அது.

இவ்வைவரும் அரசாங்கங்களுக்குக் கடன் திரட்டிக் கொடுத்ததே புறத்தார்க்குத் தெரிந்த வேலை. புறத்தார் அறியாத வேலை, தந்தை தொடங்கியதன் தொடர்ச்சி. அரச குடும்பங்களும் மந்திரிமாரும் பிரபுக்களும் தம் சொந்தச் சொத்தை எங்கே, எப்பத்திரத்தில், எந்நாட்டில் வைப்பது என்று அவர்களைக் கேட்டனர். பெல்ஜியத்தின் முதல் மன்னர் லியோபோல்டு அத்தகையோருள் ஒருவர். தந்தைக்கு ஆலோசனை கூறிய கடை மகனுக்கும் கூறியது. பாட்டன் கணக்கின் அடுத்த பக்கத்தில் பேரன் கணக்கு எழுதப்பட்டது.

இத்தகைய செல்வம் அவதூறையும் ஈன்றது. வாட்டர்லூ போரின் முடிவை 1815 ஆம் ஆண்டில் நேதன் முன்கூட்டி அறிந்து, பொய்ப்பீதி கிளப்பிப் பங்குச் சந்தையைக் கொள்ளையிட்டார் என்னும் கதை 1846 ஆம் ஆண்டில் பாரிஸில் வெளிவந்த ஒரு தூற்றுப் பிரசுரத்தாற் பரவியது. 1940 ஆம் ஆண்டில் நாஜிகள் அதனைச் சினிமாவாக்கி வெறுப்பை வளர்த்தனர். உண்மையில் போர் நீளுமென்று கருதிப் பொன் திரட்டி வைத்திருந்த நேதனுக்கு விரைவான முடிவு இடர்ப்பாடே விளைத்தது என்று வரலாற்றாசிரியர் நயல் பெர்கூசன் ஆவணங்கொண்டு காட்டியுள்ளார். வட்டித்தொழில் செய்யும் சிறு சமூகத்தின்மேல் பழி சுமத்துதல் எளிது என்பதைப் பர்மாவில் வாழ்ந்த நம் முன்னோரும் அறிவர்.

இனி, சாசனத்தின் மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். முதல் வெளியே போகலாகாது, பெண்களுக்குக் கடையிற் பங்கில்லை என்றால், பெண்களைக் குடும்பத்துக்குள்ளேயே மணமுடித்தல் தவிர வேறு வழி யாது? 1824 ஆம் ஆண்டு முதல் 1877 ஆம் ஆண்டு வரை மேயர் ஆம்ஷெலின் வழியினர் செய்துகொண்ட இருபத்தொரு திருமணங்களில் பதினைந்து அவ்வழியினருக்குள்ளேயே நடந்தவை. ஜேம்ஸ் தம் அண்ணன் சாலமனின் மகளை மணந்தார். நம் வழக்கில் அண்ணன் மகள் தம் மகளேயாவள். கேட்கவும் நாம் கூசுவோம். யூத சமயம் அதனை விலக்கவில்லை. நேதனின் மகள் ஹன்னா 1839 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிறிஸ்தவர் ஒருவரை மணந்தபோது குடும்பத்தார் அவரை நெடுங்காலம் ஒதுக்கி வைத்தனர்.

மூத்தவராகிய ஆம்ஷெல் 1855 ஆம் ஆண்டில் மகவின்றி மறைந்தார். பிராங்க்பர்ட் கடை கார்லின் புதல்வர்களாகிய மேயர் கார்ல், வில்ஹெல்ம் கார்ல் என்னும் இருவரிடம் வந்தது. மூத்தவருக்குப் பெண்மக்கள் எழுவர், இளையவருக்கும் பெண்மக்களே. ஆண்மகவு ஒருவருக்கும் இல்லை. நம் மரபில் இந்நிலை நேரின் சுவீகாரம் உண்டு. அவர்களிடத்து அவ்வழக்கம் இல்லை. இலண்டன், பாரிஸ், வியன்னாக் கிளையினர் எவரும் பிராங்க்பர்ட்டுக்குக் குடிபெயர ஒருப்படவில்லை. 1866 ஆம் ஆண்டில் அந்நகரைப் பிரஷ்யா இணைத்துக் கொண்டபின் பணத்தொழிலின் நடுவிடம் பெர்லினுக்கு மாறியதும் ஒரு காரணமே. எனினும் தொழில் நடத்த ஆள் இருந்திருந்தால் கடை இருந்திருக்கும். ஆள் இல்லாமலும் இல்லை. வளர்ந்த, கற்ற பெண்மக்கள் வீட்டிலேயே இருந்தனர். அவர்கள் ஏட்டைத் தொடலாகாது என்பது பாட்டனாரின் சாசனம். 1901 ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் கார்ல் இறந்தார். மேயர் ஆம்ஷெல் நாணயம் எண்ணித் தொடங்கிய அக்கடை, அதே ஆண்டில், அவர் பிறந்த நகரிலேயே மூடப்பட்டது.

அவர் மனைவியார் குட்லே அம்மையாரை இவ்விடத்தில் நினையாதிருத்தல் இயலாது. புதல்வர்கள் மாளிகைகள் கட்டிய பின்னரும் அவர் யூதத் தெருவின் பழைய வீட்டை விட்டு நீங்க மறுத்து, 1849 ஆம் ஆண்டில் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் ஆங்கேயே காலமானார். அவ்வீடு 1944 ஆம் ஆண்டில் உலகயுத்தக் குண்டுவீச்சில் அழிந்தது. கடையின் முதல் முதலோடு கலந்தது அவ்வம்மையாரின் 2,400 குல்டன் சீதனம் என்பதைச் சாசனம் சொல்லவில்லை; நாம் சொல்கின்றோம்.

ஏனைய கடைகளின் கதையைச் சுருங்கக் கூறுவோம். இத்தாலி ஒன்றுபட்டபின் 1863 ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் கடை மூடப்பட்டது. வியன்னாக் கடையை 1938 ஆம் ஆண்டில் நாஜிகள் பறித்து, அதன் தலைவரைச் சிறையிட்டனர். பாரிஸ் கடை 1982 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கத்தின் உடைமையாயிற்று. குடும்பத்தார் தளராது 1984 ஆம் ஆண்டில் சிறு அளவில் மீண்டும் தொடங்கினர். இலண்டனும் பாரிஸும் 2012 ஆம் ஆண்டில் ஒரே அமைப்பாயின. 2023 ஆம் ஆண்டில் குடும்பத்தாரும் அவரைச் சார்ந்தோரும் வெளியார் பங்குகளை வாங்கி, அந்நிறுவனத்தைப் பங்குச் சந்தையினின்றும் விலக்கிக் கொண்டனர். ஜேம்ஸின் வழிவந்த மற்றொரு கிளையினர் ஜெனிவாவில் செல்வக் குடும்பங்களின் முதலைப் பேணும் தனி நிறுவனம் நடத்துகின்றனர். 2015 ஆம் ஆண்டில் அதன் நிர்வாகத் தலைமையை ஏற்றவர் அக்குடும்பத்தின் மருமகளாகிய அரியான் என்னும் அம்மையார். ஏட்டைப் பார்க்கவும் பெண்வழியினர்க்கு உரிமையில்லை என்று 1812 ஆம் ஆண்டில் எழுதிய குடும்பத்தின் ஒரு கிளை, இருநூற்று மூன்று ஆண்டு கழித்து ஏட்டைப் பெண்ணின் கையிலேயே ஒப்புவித்தது.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கவை எவை? முதலாவது, நம்பிக்கை என்பது சம்பாதிக்க இருபதாண்டு பிடிக்கும் முதல். இரண்டாவது, எல்லா முதலையும் ஒரே தேசத்தில் வைத்தல் ஆபத்து. 1930 ஆம் ஆண்டை ஒட்டிய வர்த்தக மந்தத்தில் பர்மாவில் நம்மவர் கொடுத்த கடன் வயலாக மாறி, 1942 ஆம் ஆண்டு யுத்தத்தில் நாம் வெறுங்கையோடு திரும்பி, அந்நாடு 1948 ஆம் ஆண்டில் விடுதலை பெற்றபின் அவ்வயலும் கைவிட்டுப் போனதை மறந்தோரல்லோம். நெப்போலியன் காலத்தில் ஹெஸ்ஸ அரசருக்கு இலண்டன் பத்திரங்கள் செய்த உதவி, அன்று நமக்கு இல்லாது போயிற்று. மூன்றாவது, உடன்பிறந்தார் ஒற்றுமை. நம்முள் எத்துணை விலாசங்கள் பாகப்பிரிவினையாற் பெயர் மாத்திரமாய் எஞ்சின என்பதை எண்ணிப் பார்க்க மனம் வருந்துகிறது. ஐவரும் சச்சரவு இன்றி வாழ்ந்தாரல்லர். சச்சரவோடும் சேர்ந்து வாழ்ந்தனர். அதுவே அவர்கள் சிறப்பு.

நான்காவதே நாம் வற்புறுத்த விழைவது. நம் ஆச்சிமார் சீதனப் பணத்தைக் கடையில் இட்டு, வட்டிக்கணக்கு விரலால் எண்ணிப் பெருக்கியவர்கள். ஆச்சிமார் பணம் என்று ஏட்டில் தனிப்பற்று எழுதிய மரபு நம் மரபு. அங்ஙனமிருந்தும் கடைக் கணக்கைப் பெண்மக்களுக்குக் கற்பித்தோமா? தமிழ்நாட்டில் 1989 ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுமைக்கும் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமும் மகளுக்கு மகனோடு ஒத்த பங்கை அளித்துவிட்டன. பங்கைச் சட்டம் தரும். கணக்கறிவைச் சட்டம் தராது. அதனைத் தாய் தந்தையரே தரல் வேண்டும். மகனை அருகிருத்தி ஐந்தொகை காட்டும் வேளையில் மகளையும் அழைத்து அருகில் அமர்த்துங்கள். வைப்பு எங்கே, பத்திரம் எங்கே, யாரிடம் எவ்வளவு, ஏன் அங்கே வைத்தோம் என்பன அவளும் அறியட்டும். மேயர் ஆம்ஷெல் தம் வாழ்நாளிற் கடையில் உதவிய புதல்வியரைச் சாசனத்தில் வெளியே நிறுத்தினார். எண்பத்தொன்பது ஆண்டு கழித்து அக்கதவைத் திறக்க உள்ளே ஒருவரும் இல்லாது போயினர்.

அவர் பொறுமையையும் நாணயத்தையும் ஒற்றுமை வேட்கையையும் நாம் கைக்கொள்வோமாக; அவர் அடைத்த கதவை நாம் திறந்து வைப்போமாக. நம் குடும்பங்கள் ஏடும் எண்ணும் தழைத்து வாழ எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.